ஒன்பது சொற்களில் நின்ற எண்ணிக்கை

என்னோடு கார்டெரி என்ற பகல்நேரக் காப்பகத்தில் பிள்ளைகளைப் பராமரிக்கும் மிரியம், போன மார்ச்சில் தாயை இழந்தாள். யூதர்கள் பெற்றோருக்காகப் பதினொரு மாதம் 'கடிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். பத்து யூதர் கூடாமல் சொல்ல முடியாது. அவளுடைய குடும்பத்தின் தொழுகைக்கூடத்தில் அந்தப் பத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அதனால், இருபாலாரையும் சமமாக எண்ணும் ஒரு சிறு குழுவுக்குப் போய்வந்தாள். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கடைசிக் கடிஷ். என்னையும் கூப்பிட்டாள்.

நான் இருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் காலை 8:05க்கு பஸ், பிறகு மெட்ரோ, வில்லா-மரியாவில் இறக்கம். ஒரு மணி இருபது நிமிடம், 3.75 டொலர். உறைமழையில் நடைபாதை வழுக்கியது. பத்து நிமிட நடைக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடம். தொழுகையை நடத்தியவர் சால்வை போர்த்திய ஒரு பெண். புத்தகத்தில் முன்னோர்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என வரும் இடத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. அதில் அவர்களின் மனைவிமார்: சாரா, ரெபேக்கா, ராகேல், லேயாள். "தாய்மாரை விட்டுவிட்டு எப்படிக் கும்பிடுகிறது?" என்று பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்தார்.

ஆட்களை அவர்கள் எண்களால் எண்ணுவதில்லையாம். பத்துச் சொல் கொண்ட ஒரு வரியை, ஆளுக்கொரு சொல்லாகச் சொல்வார்கள். அன்று ஒன்பதாவது சொல்லோடு நின்றுவிட்டது.

"நான் இருக்கிறனே?" என்றேன் மெதுவாக.

"நீ எனக்குத் துணை. ஆனா யூதரைத்தான் எண்ணலாம்," என்றாள் மிரியம். சுருக்கென்றது. அவள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் அது மறந்துபோனது.

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், தொலைபேசி தொடமாட்டார்கள். பெரியவர் படியேறி மூன்றாம் மாடியில் இருக்கும் ஒரு யூதப் பெண்ணின் கதவைத் தட்டப் போனார். நாங்கள் இருபது நிமிடம் காத்திருந்தோம். இரவு வேலை முடித்துத் தூங்கிய தாதி ஒருத்தி, இரவுடைக்கு மேல் குளிர்க்கோட்டோடு வந்தாள்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

தாதி பத்தாவது சொல்லைச் சொன்னாள். மிரியம் எழுந்தாள். கடிஷில் மரணம் என்ற சொல்லே இல்லையாம், முழுவதும் இறைவன் புகழ்தானாம். பாதியில் குரல் உடைந்தபோது எல்லோரும் உரக்க "ஆமென்" என்று அவளைத் தூக்கிவிட்டார்கள்.

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். உள்ளே படம் எடுக்கவோ குறிப்பு எழுதவோ வேண்டாம். முடிந்ததும் சாப்பிடச் சொல்வார்கள், இருந்து சாப்பிடுங்கள்.

என் அப்பாவின் கிரியைகளைத் தம்பிதான் செய்தான். மகளான நான் பின்னால் நின்றேன். வீடு வந்ததும் டொரொண்டோவில் இருக்கும் தம்பியை அழைத்தேன்.

"இந்தமுறை திவசத்துக்கு நானும் உன்னோட இருந்து செய்யப்போறன்."

"ஓம் அக்கா," என்றான். "ஐயரிட்ட நான் கதைக்கிறன். நீ வா."