தம்பிக்குப் போதாத காற்று

பாகூரிலிருந்து செலியமேடு போகிற சாலையில் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். எட்டு வயதில் எனக்குக் கம்ப்ரசரைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த வினையே அதுதான்.

அப்பாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. கடையில் இருந்தது பிஸ்டன் வைத்தது. பிஸ்டன் இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும், ஏறும்போது நசுக்கி டேங்குக்குள் தள்ளும். டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். பக்கத்துக் கரும்புக் கொல்லையில் போர்வெல் போட வந்த லாரியில் இருந்ததோ வேறு மாதிரி. அதில் இரண்டு பெரிய திருகுகள் ஒன்றோடொன்று பின்னிச் சுற்றும். நடுவில் சிக்கிய காற்று நெருங்கிக்கொண்டே போய், குழிக்குள்ளிருந்து கல்தூளை வானத்துக்கு ஊதும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் முதுகிலும் ஒன்று உண்டு; அது காற்றைத் தொடாது, ஒரே கேஸைத் திரும்பத் திரும்ப நசுக்கிச் சுற்றவிடும். இதையெல்லாம் வகுப்பில் சொல்லி, டீச்சரையே கொஞ்சம் முழிக்க வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு வீசிங் உண்டு. அம்மா வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்ததால், சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கடையில்தான் கிடப்போம்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் வெடித்துச் சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. அப்பா டிரெய்லருக்கு அடியில் ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தார். தம்பிக்குக் காலையிலிருந்தே லேசான இளைப்பு. "இத்த முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம், அவனப் பாத்துக்கம்மா" என்று சொல்லியிருந்தார்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சுக்குழி உள்ளே ஒட்டி ஒட்டி எழும்பத் தொடங்கியது. பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். "அக்கா, மூச்சி வரல" என்றான். எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அவனுக்கு வேண்டியது காற்று. அது எங்கள் கடையில் ஒரு டேங்க் நிறைய இருந்தது. ஆணியில் மாட்டியிருந்த கம்ப்ரசர் ஓஸை இழுத்து வந்தேன். தூசி ஊதுகிற துப்பாக்கி முனை அதில் இருந்தது.

"வாயத் தொறடா."

அவன் நம்பித் திறந்தான். விசையின் மேல் என் விரல் இருந்தது.

அப்பா எப்போது வெளியே வந்தார், எப்படி அங்கிருந்து தாவினார், தெரியாது. ஓஸ் என் கையிலிருந்து பறந்தது. அடுத்த நொடி கன்னத்தில் அறை விழுந்தது. அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை.

"இன்னாடி பண்ற நீ!"

"தம்பிக்குக் காத்து பத்தலப்பா" என்றேன்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு டிராக்டரை நடுரோட்டில் விட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பைக்கில் முன்னால் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழி முழுக்க அவர் நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் தம்பியின் முகத்தில் ஒரு மாஸ்க் வைத்தார்கள். மேசைமேல் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி உறுமியது. மருந்து புகையாகி வந்தது. அழுகையை மறந்து, "இதுவும் கம்ப்ரசராப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ஆனா இது சின்னது, எண்ணெ இல்லாம ஓடும். மெதுவாத்தான் ஊதும். நம்ம கடையில இருக்கறது டயருக்கான காத்து. அது மட்டும் புள்ள வாயில போயிருந்தா..."

முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். தம்பியின் மூச்சு சீராகிற வரைக்கும் விடவில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் முதலில் பார்த்தது என் கன்னத்தைத்தான். ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"பொம்பளப் புள்ளய இப்பிடியா அடிப்ப? இன்னா பண்ணிட்டா அவ?"

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணும் பண்ணல. டிராக்டர்காரன் மேல இருந்த கோவம். அவ மேல காட்டிட்டேன்."

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று ஆரம்பித்த அம்மா, மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்தி வைப்பதோடு சரி. அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். இன்றைக்கும் யாராவது பிள்ளையை அடித்தால், "இவரும்தான் அடிச்சாரு ஒரு வாட்டி, காரணமே இல்லாம" என்று அம்மா சொல்லிக்காட்டுவாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். எதிரே தம்பி உட்கார்ந்திருப்பான்.

அந்த மூன்று நாளும், எட்டு வயதில், நான் அதை வேறு மாதிரிதான் புரிந்துகொண்டேன். இவ்வளவு பெரிய ஆள், உண்மையைச் சொல்லக்கூட அம்மாவிடம் இப்படிப் பயப்படுகிறாரே என்று. அதை நினைத்து, அவர் பார்க்காதபோது கொஞ்சம் சிரிக்கவும் சிரித்தேன்.