மாமனார் நெஞ்சில் கை வைத்த அசில்

நாரின் என்ற எங்கள் மலைப்பக்கத்தில் அசிலைத் தெரியாதவர்கள் இல்லை. தங்கச் சுரங்கத்துச் சமையற்கூடத்தில் ரொட்டி சுடுகிறவள். வாழ்க்கைப்பட்டு வந்த பதினோரு வருடத்தில் மாமனார் மாமிர்பெக்கின் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கு முதுகைக் காட்டி நடந்ததும் இல்லை. எங்கள் பக்கத்து மருமகள்கள் அப்படித்தான்.

நாத்தனாருக்கு நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா எர்மெக், சம்பந்திக்கு ஊட்டிவிடும் வழக்கப்படி ஆட்டு வால்கொழுப்பும் ஈரலுமாக ஒரு கை நிறைய அள்ளினார்.

"வாயத் தொறங்க சம்பந்தி! பேசும்போது மட்டும் பெரிய வாயா இருந்துச்சே!"

மாமிர்பெக் சிரித்துக்கொண்டே வாங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. இருமல்கூட வரவில்லை. முதுகில் தட்டத் தட்ட முகம் நீலம் பாரித்து, அப்படியே சாய்ந்துவிட்டார்.

ஒருவர் தண்ணீர் ஊற்றப் போனார். இன்னொருவர் அவசரப்பட்டு, இறந்தவருக்குச் செய்வதுபோல் தலையைத் தொழுகைத் திசைக்குத் திருப்பினார். வரிசைக் கடைசியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அசில், யாரும் மிதிக்கத் துணியாத சாப்பாட்டு விரிப்பின் மேலேயே ஓடி வந்தாள். தோளை உலுக்கினாள்.

"மாமிர்பெக்! மாமிர்பெக்!"

பதில் இல்லை. மூச்சும் இல்லை. பெயர் சொன்னது தப்பு என்று இன்றும் சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். கூப்பிட்டுப் பார்க்காமல் நினைவு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

"அடிப் பாவி, மாமனாரத் தொடாதடி!" என்று மாமியார் குல்பாரா அலறினாள்.

"தொடலைன்னா செத்துடுவாரு அத்தை! ஏங்க, ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள் அசில்.

சுரங்கத்து முதலுதவிப் பயிற்சியில் ரப்பர் பொம்மையின் மேல் வருடந்தோறும் பழகியது கைக்கு வந்தது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி, மாவு பிசைந்து உரமேறிய கைகளால் வேகவேகமாக முப்பது முறை அழுத்தினாள். வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு முறை மூச்சு ஊதினாள், நெஞ்சு எழும்பவில்லை. மறுபடி முப்பது. விலா எலும்பு ஒன்று முறிந்தது. அவள் நிறுத்தவில்லை. நான்காம் சுற்றில் கொழுப்புத் துண்டு நாக்கின்மேல் வந்து நின்றது. விரலால் வழித்து எறிந்துவிட்டு ஊதினாள். நெஞ்சு எழும்பியது! கிழவர் இருமினார், முனகினார், கண் திறந்தார்.

"நெஞ்சு மேல குதிரையா ஏறுச்சு?"

"குதிரை இல்லைய்யா, உங்க மருமக!" என்றாள் குல்பாரா, அழுகையும் சிரிப்புமாக.

மறுநாள் விடிந்ததும் வாசலில் ஏழு பெண்கள், ஆளுக்கொரு கம்பளித் தலையணையோடு. "எங்களுக்கும் சொல்லிக் குடு" என்றார்கள். அவர்களை முந்திக்கொண்டு ஒரு தலையணை முன் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள் குல்பாரா.

"இவ்வளவு அழுத்துனா போதுமாடி?"

"பத்தாது அத்தை. என்மேல கோவம்னு நெனச்சு அழுத்துங்க!"

தலையணை பிதுங்கிவிட்டது.