பாடும் பெண்ணுக்கு ஒரு சோடா

சென்னை நாடக இயக்குநரே, நீங்கள் அஞ்சலையை அவமானப்படுத்தினீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். தெரிந்தே செய்தீர்கள்.

வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் எங்கள் மரக்காணம் கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் ஆங்கில நாடகம். சுனாமி நிதிக்காக. உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம். நியூயார்க்கில் பிராட்வே என்று ஒரு தெரு... போன நூற்றாண்டில் பாட்டு நாடகம் என்றால் அந்தத் தெருதான். அதே பாணியில் இந்தச் சென்னைக் குழு ஒரு நாடகம் எழுதிக்கொண்டு வந்திருந்தது.

முதல் நாள் திரை விலகும் முன் இயக்குநர் மைக் பிடித்தார். கதையைத் தமிழில் சொன்னார். துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருத்தி. கப்பலில் போன புருஷன் திரும்பவில்லை. அவ்வளவுதான். அப்புறம் பிராட்வே பெருமை.

"பேச்சு எங்க போதலையோ, அங்கதான் பாட்டு ஆரம்பிக்கும். நடிக்கிறவங்களே சொந்தத் தொண்டையில பாடணும். பாட்டு பிடிச்சிட்டா அங்க ஜனங்க கைதட்டி நாடகத்தையே நிறுத்திடுவாங்க. திரும்பப் பாடினாத்தான் விடுவாங்க. அதைவிடப் பெரிய மரியாதை ஒரு பாட்டுக்குக் கிடையாது!"

நாங்களும் கைதட்டினோம். அவர் சொன்ன இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள்.

நாயகியாக வந்த நித்யா பாட ஆரம்பித்தாள். ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரிந்தது. பக்கத்தில் இருந்த அஞ்சலைக்கு அந்தப் பாதியும் இல்லை. என் தெருக்காரி, உப்பளத்தில் கூலி வேலை. பாட்டு தொடங்கியதும் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

மேடையில் ஃபேன் இல்லை. முகத்துக்கு நேரே லைட். மேலே ஏறிய குரல் ஓர் இடத்தில் பிசிறடித்தது. அஞ்சலை எழுந்து வெளியே போனாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. எதிர்க் கடையில் ஒரு கோலி சோடா வாங்கி, உடைத்து, நேராக மேடை ஏறிவிட்டாள்!

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நன்றாகப் பாடுகிறவருக்கு நடுப்பாட்டில் சோடா கொண்டுபோய்க் கொடுப்போம். பாட்டு பிடித்திருக்கிறது என்று சொல்லும் விதம் அது.

"தொண்ட கட்டிக்கிச்சு பாரும்மா. ரெண்டு வாய் குடிச்சிட்டுப் பாடு."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அஞ்சலக்கா, அடுத்த பாட்டு உன்துதானா?"

"டேய், வாய மூடுடா! சோடா பாட்டில கடையில திருப்பிக் குடுக்கணும், அதான் நிக்கிறேன்."

மண்டபமே சிரித்தது. நித்யாவும் சிரித்தாள். குடித்தாள். "ஒன்ஸ் மோர்!" என்று கூட்டம் கத்த, முதல் வரியிலிருந்து திரும்ப எடுத்தாள். அடடா... அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

அப்போதுதான், இயக்குநரே, நீங்கள் ஓடி வந்தீர்கள். மைக்கை அணைக்கச் சொன்னீர்கள். அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"யாருங்க இவங்கள மேல விட்டது? இது என்ன தெருக்கூத்தா? ஷோ நின்னுபோச்சு, தெரியுதா?"

அஞ்சலை பாட்டிலோடு இறங்கிப் போய்விட்டாள்.

சரி, கோபத்தில் கத்திவிட்டார் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் மறுநாள்?

மறுநாள் அஞ்சலை தலை குளித்து, நல்ல புடவை கட்டி, மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் பேட்ஜ் குத்திய பையன் மறித்தான்.

"சாரிம்மா. உங்கள மட்டும் விட வேணாம்னு சார் சொல்லிட்டாரு."

"நான் இன்னாப்பா பண்ணேன்? திருடிட்டனா? அந்தப் பாட்ட இவ கேக்கட்டும்னு கூட்டியாந்தேன். ஒரு ஓரமா நின்னு கேட்டுட்டுப் போயிடறோம்பா."

விடவில்லை. நான் சண்டை போட்டும் விடவில்லை. தெருவே பார்க்க, அஞ்சலை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பிராட்வே பாட்டு மேல் எனக்குக் கோபமில்லை. கடல் தாண்டி வந்த பாணி, நடு வெயிலில் உப்பு வாருகிறவளை எழுந்து ஓட வைத்திருக்கிறதே... அதைவிட அதற்கு என்ன சர்டிஃபிகேட் வேண்டும்? பாட்டை இங்கே கொண்டுவந்தீர்கள், நல்லது. ரசிகரையும் அங்கிருந்தே கொண்டுவந்திருக்கலாம் என்று நினைத்தீர்களோ?

பதில் சொல்லுங்கள் இயக்குநரே. எனக்குத் தனியாக போன் செய்து சமாதானம் பேச வேண்டாம். அஞ்சலையை மறித்த அதே வாசலில், மைக் வைத்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள் — நியூயார்க்காரன் நாடகத்தை நிறுத்தினால் மரியாதை, மரக்காணத்துக்காரி நிறுத்தினால் குற்றமா?