அந்த இரண்டாவது பெண் சாகவில்லை

பாப்பிரெட்டிப்பட்டியில் புளிக் கொட்டகை வேலைக்குப் போகிற எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. புளியின் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, பழத்தைக் கல்லில் வைத்துச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கையால் போனைத் தொட்டால் போன் போச்சு. அதனால் வந்தவுடனே ஒருத்தி எதையாவது போட்டுத் தூணில் சாய்த்து வைத்துவிடுவாள். அது முடிந்தால் அடுத்தது தானாக வரும். பக்திப் பாட்டு வந்தாலும் கேட்போம், மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற விவரம் வந்தாலும் கேட்போம்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வீட்டில் சும்மா இரு என்கிறார்கள். என் சோற்றை நான் சம்பாதிக்கிற வரைக்கும்தான் என் பேச்சுக்கு மதிப்பு. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். வரி கோணலாகப் போகும், போகட்டும். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

போன பங்குனியில் ஒருநாள் அப்படித் தானாக ஒரு கதை வந்தது. ஒரு ஆண் கனத்த குரலில் சொன்னான். வானத்தில் எங்கேயோ ஒரு கிரகம், அங்கே பெண்கள் மட்டும். மருந்தில் பிள்ளை பெறுகிறார்கள், வாய்க்கால் வெட்டுகிறார்கள், பயிர் வைக்கிறார்கள். ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு ராணிகள் அந்த ஊரை ஆள்கிறார்கள். பூமியிலிருந்து ராக்கெட்டில் ஒரு கேப்டன் வந்து இறங்குகிறான். அத்தனை பெண்களும் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள். ராக்கெட்டில் தீப்பிடிக்கிறது. இரண்டாவது ராணி குறுக்கே பாய்ந்து அவனைக் காப்பாற்றிச் செத்துப்போகிறாள். முதல் ராணி அழுதுவிட்டு அவனையே கட்டிக்கொள்கிறாள். அவன் ராஜா.

எங்களில் கன்னடம் பேசுகிற வீட்டுப் பெண் ஒருத்தி உண்டு. வாய் நீளம். அவள்தான் தொடங்கினாள்.

“அய்யோ சிவனே! நூறு வருசமா வெள்ளாமை பண்ணுனவளுங்க, இவன் ஒருத்தன் இறங்குனதும் மடையைக்கூட மூடாம ஓடுறாளுங்களே, ஆத்தா!”

“உடுப்பைச் சொன்னான் பாத்தியா?” என்றேன் நான். “வெயில் கொளுத்துற ஊருங்கறான். பொம்பளைங்களுக்கு இடுப்புல துணியே நிக்கலையாம். இவனுக்கு மட்டும் கழுத்து வரைக்கும் சட்டை.”

“அவனுக்கு விருந்து வெச்சாங்கன்னான். யாரு ஆக்குனாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னானா?” என்றாள் கன்னடக்காரி.

சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது இண்டூர்க்காரி வாயைத் திறந்தாள். அவள் பேசுவதே அபூர்வம்.

“அந்த ரெண்டாவது பொண்ணை எதுக்குக் கொன்னாங்க?”

கேட்டுவிட்டு அவளே மேலே சொன்னாள்.

“சினிமாவுலயும் அப்படித்தான், சீரியல்லயும் அப்படித்தான். ரெண்டு பொண்ணுங்க ஒண்ணா இருந்துட்டா, முடியறதுக்குள்ள ஒருத்தி சாவணும். இல்லைன்னா பைத்தியமாவணும்.”

இவள் முப்பதைத் தாண்டியவள். கல்யாணம் வேண்டாம் என்று இண்டூரிலிருந்து வந்து, இங்கே தையல்கடை வைத்திருக்கிற ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். ஒருத்திக்கு ஒருத்தி என்று வாழ்கிறவர்கள். எங்களுக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை. அன்றைக்குத்தான் சொன்னாள். சொந்தத்தில் ஒருவனுக்குப் பெண்டாட்டி செத்து, இரண்டு குழந்தைகள் இருக்கின்றன. அவனுக்கு இவளைக் கொடுப்பதாக அண்ணன் பேசி முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை கூட்டிப்போக வருகிறானாம்.

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம். பிடிக்காத கதையை அப்படியே விடமாட்டோம், நேர் பண்ணுவோம். உட்கார்ந்திருக்கிற வரிசையில் ஆளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முறை வந்தால் சொல்லியே ஆகணும். ஒருத்தி சொல்லும்போது மற்றவள் குறுக்கே பேசக்கூடாது. அந்தக் கதையை வெள்ளிக்கிழமை எடுத்தோம்.

கன்னடக்காரி சொல்லிக்கொண்டிருந்தபோதே அண்ணன்காரன் வந்துவிட்டான். ஒல்லியான ஆள், கையில் மஞ்சப்பை. தங்கச்சியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஓரமாக ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தான். கதையை நிறுத்தவில்லை நாங்கள்.

“கேப்டன் இறங்கறான். ஒருத்தி நிமிந்து பாக்கலை. நடவு நேரம். ‘வந்தது வந்துட்ட, சேத்துல இறங்கு’ங்கறாளுங்க. அரை வயல் நடறதுக்குள்ள இடுப்பைப் புடிச்சிக்கிட்டான்.”

அடுத்து என் முறை. “ராக்கெட்டு தீப்புடிச்சிது. ராணிங்க ரெண்டு பேரும் தூரமா நின்னாங்க. அவன் வண்டி, அவனே தண்ணி ஊத்தி அணைச்சிக்கிட்டான்.”

அடுத்து இண்டூர்க்காரி. நான் வேறு பேச்சுக்குத் திருப்பலாமா என்று நினைத்தேன். அவள் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டாவது பொண்ணு சாவலை. அவளுக்குக் காய்ச்சல்தான் வந்துது. மொத ராணி கஞ்சி காய்ச்சிக் குடுத்தா, வுட்டுப்போச்சு. கேப்டன் கெளம்பறப்ப வழிக்குச் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனாங்க. அப்புறம் அவங்க பாட்டுக்கு இருந்தாங்க. வேற ஒண்ணும் நடக்கலை.”

அவள் கையில் சுத்தி நின்றது.

“அண்ணா, நான் வரலை.”

அவன் எழுந்துவிட்டான். “கதை பேசற நேரமா இது? அவங்க வூட்ல தேதி பாத்துட்டாங்க.”

“நான் பாக்கச் சொல்லலையே.”

“ஊரு என்ன பேசும்?”

“ஊர்ல நாங்களுந்தானப்பா இருக்கோம்” என்றேன். “நாங்க பேசறதையும் கேட்டுட்டுப் போ.”

“பெரியவங்க நீங்க. நீங்களே இப்படிச் சொல்லலாமுங்களா, ஆத்தா?”

“பெரியவங்கறதாலதான் சொல்றேன், கண்ணு. எனக்குக் கல்யாணம் பண்ணப்ப என்னை ஒரு வார்த்தை யாரும் கேக்கலை. நீ இவளையாவது கேளு.”

கோபமாக ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. திரும்ப மூட்டைமேல் உட்கார்ந்தான். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“அந்தத் தையக்காரப் பொண்ணு உன்னை நல்லா பாத்துக்குதா?”

“நானும் அவளைப் பாத்துக்கறேன், அண்ணா.”

அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். மத்தியானம் அவள் கை கழுவிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். “வூட்ல சோறு ஆக்கி வெச்சிருப்பா. சாப்ட்டுட்டு பஸ் ஏறு.” அவன் பையை எடுத்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவானோ என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். அவள் பின்னாலேயே தெருவுக்குள் திரும்பினான்.

மறுநாள் அவள் செருப்பைக் கழற்றவில்லை, அதற்குள் கன்னடக்காரி பிடித்துக்கொண்டாள். “கேப்டன் சாப்ட்டானா?”

“ரெண்டு தடவை ரசம் கேட்டாரு. அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. போறப்ப மட்டும் ‘வரேம்மா’ன்னாரு.”

“அவகிட்டயா?”

“அவகிட்டதான்.”

“கல்யாணம்?” என்றேன்.

“ராத்திரி போன் பண்ணுனாரு. தங்கச்சிக்கு இஷ்டமில்லைன்னு மாப்பிள்ளை வூட்ல சொல்லிட்டாராம். எங்கம்மா அழுவுதாம், ஆத்தா. சோறு திங்க மாட்டேங்குதாம்.”

“அழட்டும். அழுது முடிச்சா உன்னைப் பாக்க வருவாங்க.”

“வருவாங்களா?”

எனக்கு எப்படித் தெரியும்? வருவாங்க என்றேன். அவள் கல்லைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா வந்தால் எங்கே படுக்க வைப்பது, ஒரே கட்டில்தானே இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.