மணிக்கு முன்னா, பின்னா

என் தங்கை சனிக்கிழமை பிறந்தவள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்புகிறாள். அந்தக் கிழமையை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். பாட்டன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துவிட்ட குடும்பம். ஜாதகம் எழுதுவதில்லை, ராகுகாலம் பார்ப்பதில்லை. பிறந்த கிழமை பார்ப்பதை மட்டும் எப்படியோ கூடவே கொண்டு வந்துவிட்டோம். ஊருக்கு விடிந்தால்தான் அடுத்த நாள். எங்களுக்கு விடியல் என்பது மாதா கோயிலின் காலை மணி. அதற்கு முன் பிறந்த குழந்தை முந்தின நாள் கணக்கு. சனிக்கிழமை பிறக்கும் பெண் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சும் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

நான் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை. ஆண்டவர் உயிர்த்த கிழமையில் பிறந்தவன் என்று மாமாவுக்கு என்மேல் தனிப் பிரியம். அவர் லாரி ஓட்டினார். பக்கத்து ஊர்களுக்குப் போகும்போது முன் சீட்டில் என்னை உட்கார வைத்துக்கொள்வார். அம்மாவுக்கு மாதம் நெருங்கியபோது, பிறக்கும் குழந்தையை ஞானஸ்நானத்தில் தூக்கப்போகும் ஞானத்தகப்பன் தானே என்று சொல்லிவிட்டு, என்னையும் சீண்டினார்.

"இதும் ஞாயித்துக்கெழமை பொறந்துச்சுன்னா, சீட்டுல உனக்குப் பாதிதான்டா மாப்ள."

சொல்லிவைத்தாற்போல ஒரு சனிக்கிழமை இரவு அம்மாவுக்கு வலி கண்டது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டு விலகுவதற்குள் கோயில் மணி அடித்தது. உள்ளே அம்மா, வலிக்கு நடுவில், மணிச்சத்தத்துக்குச் சொல்லும் ஜெபத்தைத் தொடங்கினாள். அது முடிவதற்குள் குழந்தை அழுதது.

பிரசவம் பார்த்த அத்தை வியர்த்துப்போய் வெளியே வந்தாள்.

"பொம்பளப்புள்ள சாமி. மணி அடிச்சுதா? அவ மாதாவே, மாதாவேன்னு கத்துன கத்துல எனக்கு ஒண்ணுமே காதுல உழுகல. அழுவறதுக்கு முன்னாலயா, பொறகாலயா?"

கதவு திறந்தே இருந்தது. எனக்கு லாரி சீட்டு கண்ணுக்குள் வந்தது.

"அழுததுக்குப் பொறகுதான் மணி அடிச்சுது அத்தை" என்றேன்.

மாமா அன்று மத்தியானம் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. ஞானஸ்நானத்தில் குழந்தையைத் தூக்கக் கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தனக்கு பம்பாய் லோடு இருக்கிறது என்றார். அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"ஏன்டா, நீ வேதக்காரந்தானா?"

"கும்புடறது ஏசுசாமியத்தான் அக்கா. அது லாரிச் சக்கரத்துக்குத் தெரியோணுமே."

"சனிக்கெழமை மாதாவோட நாளு. எம்புள்ள மாதாகிட்டப் பொறந்தவ. நீ தூக்காட்டிப் போ."

அவர் தூக்கவேயில்லை. தங்கைக்குக் காது குத்தும்போது மடி கொடுக்க வரவில்லை. கல்யாணத்துக்கு மாமன் சீரை ஆள்மூலம் அனுப்பினார். ஆனால் விபத்து எதுவும் இல்லாமல் வெகுகாலம் லாரி ஓட்டி, தலை நரைத்துப் படுக்கையில்தான் இறந்தார். தங்கை ஒதுங்கி இருந்ததால்தான் என்று சிலர் அதற்கும் காரணம் சொன்னார்கள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்றும் அவள் சனிக்கிழமை தவறாமல் மாதா பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். தன் நாள் என்கிறாள். எனக்காகவும் ஒன்று ஏற்றுகிறாள்.

அன்று மாமா போனபிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, குழந்தையை என் மடியில் வைத்தாள். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"தங்கச்சிய நல்லாப் பாத்துக்கோணும் சாமி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் தலையாட்டினேன். முன் சீட்டு முழுதும் எனக்குத்தான் என்ற நினைப்பில் இருந்தேன். மணி அடித்ததும் ஜெபத்தைத் தொடங்கியவள் அவள்தான் என்பதோ, திறந்த கதவு வழியே என் பதில் அவள் காதிலும் விழுந்திருக்கும் என்பதோ எனக்கு அப்போது தோன்றவேயில்லை.