கழுவிக் கொண்டுபோன கிழங்கு

நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் இதுவரை அழகாக எழுதுகிறவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துப் படியுங்கள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஐந்தரை மணிக்குத் தொட்டியத்தில் பஸ் ஏறினேன். திருச்சி ஏறக்குறைய முப்பத்தாறு மைல். ஸ்ரீரங்கம் வரை டிக்கெட் ஒரு ரூபாய் ஐந்து காசு. மடியில் ஒரு சாக்குப் பை.

முசிறியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, கல்லு மாதிரி?"

"வாழைக்கிழங்குங்க. காலேஜுக்கு."

"அங்க இதையா ஆக்கிப் போடுறாங்க?"

"ஆராய்ச்சிக்குங்க" என்றேன். அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தை மாதம் என் தோட்டத்துக்கு வந்த தாவரவியல் ஆசிரியர் சௌரிராஜன் சாரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வேர் கறுத்து என் வாழைகள் சாய்வதை அன்று அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கடிதம் போட்டார். பாடமும் ஆராய்ச்சியும் மேம்பட ஆசிரியர்கள் யோசனை சொல்லும் கூட்டம் கல்லூரியில் நடக்கிறது. மாணவர்களை மாதம் ஒரு நாள் வயலுக்கு அழைத்துப்போவது அவருடைய யோசனை. நோய் கண்ட கிழங்கு ஒன்றோடு நானும் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எட்டு மணிக்கு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள்.

"நான் பேச வேண்டி வருங்களா சார்?"

"நீங்க பேச வேண்டாம். கிழங்கே பேசும். வாங்கோ, பஸ்ஸுக்கு நாழியாச்சு."

காவிரிப் பாலம் தாண்டி ஒன்பதரைக்குக் கல்லூரி போய்ச் சேர்ந்தோம். என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, நான் பெஞ்சில் உட்கார்ந்து. நூலகத்தை மாலையிலும் திறந்து வைக்க வேண்டும் என்றார் ஒருவர். நாலு மாணவருக்கு ஒரு பூதக்கண்ணாடி போதாது என்றார் இன்னொருவர். ஆராய்ச்சி செய்ய ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் ஓய்வு கேட்டார் மூன்றாமவர். எல்லாம் எனக்காகவே கேட்பது போல இருந்தது.

சாரின் முறை வந்தது. பையிலிருந்து, நான் வாழை இலையில் சுற்றி வைத்திருந்த கட்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே கிழங்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. நடவுக்குச் செய்வது போல, கறுத்த வேரெல்லாம் சீவி, வாய்க்காலில் நன்றாகக் கழுவியிருந்தேன். கல்லூரிக்குச் சேற்றோடு எப்படிக் கொண்டுபோவது?

"நோயாளியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு அழைச்சுண்டு வந்திருக்கீர்" என்றார் ரசாயன ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். கல்லூரி முதல்வர் அடுத்தவருடைய யோசனைக் காகிதத்தை எடுத்தார். சாரின் முகம் சுண்டிப்போயிற்று.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"தப்பு என்னுதுங்க. அழுக்கோட எடுத்துட்டு வரக் கூச்சமா இருந்துச்சு. நோய் அந்த மண்ணோட, வேரோட தோட்டத்துலயே கிடக்குங்க. நீங்க அங்க வந்தாத்தான் பார்க்க முடியும்."

யாரும் சிரிக்கவில்லை. முதல்வர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"எந்த ஊர் நீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"இருபது பேர், ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரட்டும். மாசாமாசம் போறதை அப்புறம் பேசலாம்."

திரும்பும்போது ஒரு வகுப்பறை வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே யாரும் இல்லை. கரும்பலகையில் வேர் ஒன்றைப் படமாகப் போட்டிருந்தார்கள். அந்த வேரை எனக்குத் தெரியும். பக்கத்தில் எழுதியிருந்த பெயர்கள் தெரியாது. சார் பாதி வழி போய்த் திரும்பி வந்து அழைத்தார்.

மூன்று மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

நோய் கண்டதையெல்லாம் தோண்டிக் கொளுத்தச் சொல்கிறார்கள் விவசாய இலாகாக்காரர்கள். கொளுத்திவிட்டேன், மூன்று மரம் தவிர. பரவாமல் இருக்க அவற்றைச் சுற்றிக் குழி வெட்டியிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சார் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை எதையும் கழுவ மாட்டேன். இருபது பேர் உட்கார வரப்பில் நிழல் இருக்கிறது. கரும்பலகையில் இருந்த அந்தப் பெயர்களை அவர்களில் ஒருவரிடம் கேட்க வேண்டும்.

1962, ஆவணி 9.