ஏறிப் பாருங்க சார்

செக்கிங்குன்னாலே லாரிக்காரங்களுக்கு ஆவாது. பிரேக் இன்ஸ்பெக்டரு ஜீப்பு நிக்கிறது தெரிஞ்சா அந்தாண்டயே வண்டிய ஓரங்கட்டிட்டு, ஒருத்தனுக்கு ஒருத்தன் செல்லுல சொல்லிக்குவானுங்க. அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு ஆளுதான் என் கடைக்கு வந்து, "இன்னா கமலவேணி, இன்னிக்காவது ஜீப்பு வருமா?"ன்னு ஆசையா கேப்பாரு. அவரு பேரு மண்ணாங்கட்டி. சிரிக்காதீங்க, பேரே அதான். அவங்கம்மாவுக்கு முன்னாடி பொறந்தது ரெண்டும் தங்கல. இதாவது எமன் கண்ணுல படாம கெடக்கட்டும்னு மூணாவது புள்ளைக்கு அப்படி ஒரு பேரு வச்சிட்டாங்க.

"எமனே மதிக்க மாட்டான்னு வச்ச பேரு. முதலாளி எங்க மதிக்கப் போறாரு?"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

நான் பிள்ளைச்சாவடி மெயின் ரோட்டுல டீக்கடை வச்சிருக்கேன். எங்கடைக்கு எதிர்த்தாப்புலதான் செக்கிங் போடுவாங்க. அதனால லாரிக்காரனுங்க எல்லாரோட சங்கதியும் எனக்கு அத்துப்படி. ஆனா யாரையும் நான் அண்ணேன்னு கூப்புட்டது இல்ல, இவர மட்டுந்தான் கூப்புட்டேன். கூடப் பொறந்தவன் செய்யாத வேலை, சுனாமி வந்து என் கடைய வாரிக்கினு போனப்ப இவரு செஞ்சாரு. லாரியில கழியும் தகரமும் கொண்டாந்து எறக்கிட்டு, காசு கூட வாங்காம போயிட்டாரு.

அவங்கப்பா பஞ்சு மில்லு ஆளு. மில்லு படுத்துக்கினதும் இவரு கிளீனரா லாரி ஏறி, பின்னால டிரைவர் ஆனாரு. இங்க பக்கத்துல இருக்கற மேட்டுப்பாளையத்துல ஒரு முதலாளிகிட்ட வேலை. அங்கேருந்து தகரம் ஏத்திக்கினு மெட்ராஸ் போவாரு, வருவாரு. குடி கெடையாது. வண்டிக்குள்ள செருப்புக் கால வைக்க மாட்டாரு. பொண்டாட்டி அஞ்சலாட்சி தொவைச்சுக் குடுத்த துண்ட நாலா மடிச்சு சீட்டுல போட்டுத்தான் உக்காருவாரு. உள்ள இருந்த லட்சணத்துக்கு அந்தத் துண்டு ஒண்ணுதான் கொறைச்சல்!

கேபின்னா கேபினா அது? என்ஜின் பக்கத்துலயே உக்காந்துக்கினு அனல் கக்கும். அடியில சைலன்சர் பைப்பு வெடிச்சிருக்கு. அதுக்கு நேரா கால்மாட்டுல தகரம் துருப்புடிச்சு, சோத்துத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. பொகை நேரா மேல வரும். அதுல ஒரு கோணியச் சுருட்டி அடைச்சு வச்சிருந்தாரு. அதையும் மீறி வர்ற பொகையில கண்ணு கோவைப்பழமா செவந்து கெடக்கும். எறங்குனதும் மொதல்ல தலையப் புடிச்சிக்கினு என் பெஞ்சுல உக்காருவாரு, பெறவுதான் டீ கேப்பாரு. இதுல செல்ஃபும் வேலை செய்யாது. ஆஃப் பண்ணிட்டா, இன்னொரு லாரி கட்டி இழுத்தாதான் கெளம்பும். அதனால நடு வழியில என்ஜின நிறுத்தவே மாட்டாரு.

முதலாளிகிட்ட சொல்லாம இல்ல. "ஓடுற வரைக்கும் ஓட்டு. முடியலன்னா சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு"ன்னுட்டானாம் அந்தப் பாவி.

அதுக்குத்தான் அண்ணன் ஜீப்புக்குக் காத்திருந்தாரு. "பிரேக் இன்ஸ்பெக்டரு பாத்துட்டு, ரிப்பேர் பண்ணாம இந்த வண்டி ஓடக் கூடாதுன்னு நிறுத்திட்டான்னு வச்சிக்கோ, முதலாளி என்னை ஒண்ணும் கேக்க முடியாது இல்ல? இன்னும் ஒரு மழைக்காலம் இதுல உக்காந்தன்னா நான் போய்ச் சேந்துடுவேன் கமலவேணி." சிரிச்சிக்கினேதான் சொன்னாரு.

ஆனா எந்த இன்ஸ்பெக்டரு லாரிகிட்ட வர்றான்? அவன் ஜீப்புல கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பான். டிரைவருதான் எறங்கி, பேப்பரத் தூக்கிக்கினு ஓடணும். லோடப் பாப்பான், லைட்டப் பாப்பான், அதுவும் உக்காந்த எடத்துலேருந்தே. டிரைவரு உக்கார்ற எடத்த ஒருத்தன் எட்டிப் பாத்து நான் பாக்கல. அண்ணன் ஒவ்வொரு வாட்டியும் கேப்பாரு, "ஒரு தடவை ஏறிப் பாருங்க சார்." அவனுங்க சிரிச்சிட்டு அனுப்பிடுவானுங்க.

கார்த்திகை மாசம், வானம் இருட்டிக்கினு இருந்த ஒரு மத்தியானம் வந்தாரு. ஜீப்பப் பாத்ததும் மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். என்ஜின் ஓட ஓட வண்டிய நிறுத்திட்டு என்கிட்ட ஓடியாந்தாரு.

"கோணியப் புடுங்கி ரோட்டுல கடாசிட்டேன் கமலவேணி. இப்பப் பாரு, பொகை குபுகுபுன்னு வருது. கண்ணால பாத்தா நம்பித்தான ஆவணும்?"

"புத்தி கெட்டுப் போச்சாண்ணே ஒனக்கு? அத ஏன் கடாசின?"

"கையில வச்சிருந்தா அடைச்சிக்கினு ஓட்டுன்னுடுவான். கொஞ்ச நேரந்தானே, வுடு."

ஜீப்புல அன்னிக்குப் புது ஆளு. அண்ணன் பேப்பரக் குடுத்தாரு. வழக்கம் போல, "ஏறிப் பாருங்க சார், பொகை உள்ள வருது"ன்னாரு. எனக்கு இங்கேருந்தே கேட்டுச்சு. அவன் நிமிந்து பாத்தான்.

"எனக்கே வேலை சொல்றியா நீ?"

பேப்பரத் திருப்பிக் குடுத்துட்டு, லைசென்ச மட்டும் வாங்கிப் பாக்கெட்டுல சொருவிக்கினான். அண்ணன் விடல. "லைசென்ச வாங்கினா சீட்டு எழுதிக் குடுக்கணும் சார்."

அவ்ளோதான், அவனுக்கு ஏறிடுச்சு. "சட்டம் பேசறியா? போய் வண்டியில உக்காரு. கூப்புடும்போது வா. ஓடற என்ஜின விட்டு எறங்கினா அதுக்குத் தனி கேஸு."

அண்ணன் போய் ஏறிக்கினாரு. மழை புடிச்சிக்கிச்சு. பின்னால வந்த லாரியெல்லாம் ஒண்ணொண்ணா போவுது, இவர மட்டும் கூப்புடல. கண்ணாடி ரெண்டும் ஏத்தி இருக்கு, என்ஜின் ஓடிக்கினே இருக்கு. எனக்கு அடுப்பாண்ட நிக்க முடியல. முந்தானையத் தலையில போட்டுக்கினு டீயோட ஓடி, கதவத் தட்டுனேன். மெள்ளக் கண்ணாடி எறங்குச்சு. பக்குனு பொகை என் மூஞ்சியில அடிச்சுது.

"எறங்கி வாண்ணே!"

"லைசென்சு அவன்கிட்ட இருக்கே." நாக்கு கொழறுச்சு. "தலை வலிக்குது. செத்த சாயறேன். கூப்புட்டா எழுப்பு."

"கண்ணாடிய ஏத்தாத, சொல்லிட்டேன்!"

"சாரல் அடிக்குது, பேப்பரெல்லாம் நனைஞ்சிடும்"னு ஏத்திக்கினாரு.

நான் நேரா ஜீப்புக்குப் போனேன். "ஐயா, அந்தாளுக்கு முடியல. பொகை அடைச்சிக் கெடக்கு. வந்து பாருங்க, இல்ல எறங்கவாவது சொல்லுங்க"ன்னு கத்துனேன். "டீக்கடைக்காரிக்கு இங்க இன்னா வேலை? போம்மா"ன்னு ஜீப்புக் கண்ணாடிய ஏத்திக்கினான். நாசமாப் போறவன்!

மழை விட்டதும் ஆர்ன் அடிச்சான். அண்ணன் வரல. மறுபடி அடிச்சான். "தூங்கறானா? இன்னா திமிரு"ன்னு கூட இருந்த போலீசுக்காரர அனுப்புனான். அவரு போய்க் கதவத் தெறந்தாரு. தெறந்ததும் இருமிக்கினே பின்னால வந்துட்டாரு. நான் ஓடுனேன். ரெண்டு பேருமா அண்ணன இழுத்து ரோட்டுல படுக்க வச்சோம். மூஞ்சி செவசெவன்னு நல்லா இருக்கறவரு மாதிரி இருந்துச்சு. எவ்ளோ உலுக்கியும் கண்ணு தெறக்கல. அந்த வழியா வந்த ஒரு வேன்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு.

அந்த இன்ஸ்பெக்டரு அப்பதான் ஏறுனான் லாரியில. மூக்கப் பொத்திக்கினு ஓட்டையக் குனிஞ்சு பாத்தான். அண்ணன் எவ்ளோ நாளா கேட்டது! வண்டி ஓடக் கூடாதுன்னு நிறுத்தி வச்சிட்டாங்க. என் கடைக்கு எதிர்லயே நின்னுக்கினு இருந்துச்சு.

காரியம் முடிஞ்சு அஞ்சலாட்சி வந்து, சீட்டுல இருந்த துண்ட எடுத்துக்கினா. "அந்தக் கோணிய எதுக்குக்கா எடுத்தாரு?"ன்னு கேட்டா. வண்டி நல்லாவணும்னு எடுத்தாருடின்னேன். ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்து வாய்விட்டு அழுதோம்.

பெறவு முதலாளி ஆள விட்டு லாரியக் கட்டி இழுத்துக்கினு போயிட்டான். பொங்கல் கழிச்சு அதே லாரி திரும்ப வந்துச்சு. பளபளன்னு புதுப் பெயிண்டு, புது டிரைவரு, கல்யாணம் ஆன புதுசு மாதிரி இருந்தான். டீ சொல்லிட்டு நெத்தியத் தேச்சிக்கினே உக்காந்தான். என்ஜின் ஓடிக்கினு இருந்துச்சு.

"ஆஃப் பண்ணிட்டு வர்றதுதானே?"ன்னேன்.

"செல்ஃபு எடுக்காதுக்கா."

கையில இருந்த டீய அப்படியே வச்சிட்டு ரோட்டத் தாண்டுனேன். "அக்கா, எங்கக்கா போற?"ன்னு பின்னாலயே கத்திக்கினு வந்தான். நான் கதவத் தெறந்து, கம்பியப் புடிச்சு, ஏறிப் பாத்தேன். கால்மாட்டுல புதுக் கோணி ஒண்ணு அடைச்சிருந்துச்சு.